கோல்டன் பெசன்ட்: நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கூண்டு, தீவனம், குஞ்சு பொரிப்பு

#1 பாலக்கோடு கொல்லை

வணக்கம். ஒரு சேவல், ரெண்டு பெட்டைன்னு கோல்டன் பெசன்ட் (அழகுக்கு வளர்க்கிற சீனத்துப் பறவை) ஒரு செட் வாங்கலாம்னு முடிவு. வயசு பத்து மாசம்னு சொல்றாங்க. இடம் பாலக்கோடு பக்கம், செம்மண் நிலம், ஓரமா ஒரு வேப்பமரம். பழைய நாட்டுக்கோழிக் கொட்டகை ஒண்ணு காலியா இருக்கு. 10க்கு 8 அடி, உயரம் 6 அடி, மேலே சிமெண்ட் ஷீட், சுத்திலும் ஒரு அங்குலக் கோழிவலை. இதையே சரிபண்ணி விட்டா போதுமா? சித்திரை வெயில் 39, 40ன்னு ஏறும்போது இந்தப் பறவை தாங்குமா? லேயர் தீவனம் (முட்டைக்கோழித் தீவனம்) போடலாமா? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

#2 மத்திகிரிக் கூண்டு

வெயிலைப் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல அந்தக் கொட்டகைத் தரையைப் பாருங்க. நாட்டுக்கோழி இருந்த மண்ணில் பெசன்டை விடுறதுதான் நம்ம பக்கம் நடக்கிற பெரிய தப்பு.

நாட்டுக்கோழியின் குருட்டுக்குடலில் ஹெட்டராகிஸ்னு சின்ன வெள்ளைப் புழு இருக்கும். கோழிக்கு அதனால பெரிய தொந்தரவு தெரியாது. ஆனா அந்தப் புழுவின் முட்டைக்குள்ளே ஹிஸ்டோமோனாஸ் என்கிற நுண்ணுயிர் உட்கார்ந்திருக்கும். எச்சத்தோட மண்ணில் விழுந்த முட்டை வருஷக்கணக்கில் சாகாது. மண்புழு அதைத் தின்னும், மண்புழுவைப் பெசன்ட் தின்னும். கல்லீரல் புண்ணாகி, கந்தக மஞ்சள் நிறத்தில் கழிச்சல் போய், பறவை குன்னிக்கிட்டு நிற்கும். பிளாக்ஹெட்னு சொல்ற நோய் இதுதான். சுண்ணாம்பு தூவினா சரியாயிடும்னு சொல்வாங்க. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், அந்த முட்டையை நம்பகமா கொல்லாது.

அதனால ரெண்டு வழிதான். கோழி மேயாத புது இடத்தில் கூண்டு போடுங்க. இல்லைன்னா மேல்மண்ணை அரை அடிக்கு வெட்டி எடுத்துட்டு, லேசான சரிவோட சிமெண்ட் தளம் போட்டு, அதன்மேல ஆத்து மணல் அரை அடி பரப்புங்க. எம்-சாண்ட் வேண்டாம், அதில் இருக்கிற தூள் காய்ந்தா கண்ணுக்கும் மூக்குக்கும் போகும். மணலை வாரம் ஒருமுறை வாரிச் சலிச்சு எச்சத்தை எடுக்கணும், வருஷம் ஒருமுறை மழைக்காலம் முடிஞ்சதும் மொத்தமா மாத்தணும்.

10க்கு 8 அடி மூணு பறவைக்கு இறுக்கம். 15க்கு 8 இருந்தா நிம்மதி. சேவலின் நீளம் ஒரு மீட்டர், அதில் மூணில் ரெண்டு பங்கு வால். உட்காரும் கழி சுவரிலிருந்தும் வலையிலிருந்தும் ரெண்டரை அடியாவது தள்ளி இருக்கணும். இல்லைன்னா திரும்பும்போதெல்லாம் வால்நுனி உரசி, மூணே மாசத்தில் விளக்குமாறு மாதிரி ஆயிடும். கழி ஒன்றரை முதல் ரெண்டு அங்குலத் தடிமன், பட்டை உரிக்காத வேம்பு அல்லது புளியங்கொம்பு, தரையிலிருந்து நாலு அடி உயரம். பிவிசி குழாய் வழுக்கும்.

#3 தளி மேடு

மத்திகிரி அண்ணா சொன்னதோட வலையையும் சேர்த்துக்கோங்க. அறுகோணக் கோழிவலை கோழி வெளியே போகாம இருக்கத்தான். உள்ளே வர நினைக்கிற கீரியையும் மரநாயையும் அது தடுக்காது, சாரைப்பாம்பு ஒரு அங்குல ஓட்டையில் தாராளமா நுழையும். அரை அங்குல வெல்டட் மெஷ், 16 கேஜ் வேணும். தரையை ஒட்டி ரெண்டு அடி உயரத்துக்குத் தகடு அல்லது செங்கல் கட்டு வைங்க. நாயோ பூனையோ வெளியில் நடந்தா பெசன்டுக்குத் தெரியக்கூடாது, தெரிஞ்சா விருட்னு நேரா மேலே எகிறும். வெளிப்பக்கம் ஒன்றரை அடி ஆழத்துக்கு வலையைப் புதைச்சு, அடியில் எல் வடிவத்தில் மடிச்சு விடுங்க.

அந்த எகிறல்தான் அடுத்த விஷயம். கோல்டன் பயந்தா ஓடாது, செங்குத்தா எழும்பும். மேலே ஷீட்டோ கம்பி வலையோ இருந்தா மண்டைத்தோல் உரிஞ்சு எலும்பு தெரியும். கூரைக்கு ஒரு அடி கீழே மீன்வலை மாதிரி நைலான் வலையை, ஒரு அங்குலக் கண், கொஞ்சம் தொய்வாவே கட்டுங்க. அதுக்கு மொத்த உயரம் ஏழரை அடி வேணும், ஆறு அடியில் முடியாது. கதவும் ரெண்டு வேணும். வெளிக்கதவைச் சாத்தின பிறகு உள்கதவைத் திறக்கிற மாதிரி நாலுக்கு நாலு அடியில் ஒரு நடை. ஒத்தைக் கதவில் கால் இடுக்கு வழியா வெளியே போன கோல்டனைத் திரும்பப் பிடிக்கிறது கஷ்டம்.

#4 காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

கம்பித்தளம் போட்டா மண் பிரச்சினையே வராதே? காடை, லேயர் கோழி எல்லாம் கம்பியில்தானே நிற்குது. ஏன் மணலுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?

#5 மத்திகிரிக் கூண்டு

குஞ்சுக்கு எட்டு வாரம் வரை கம்பித்தளம் நல்லதுதான், ரத்தக்கழிச்சல் குறையும். பெரிய பறவைக்கு ஆகாது. பெசன்ட் நாள் முழுக்கக் காலால் கிளறும், மண்ணில் புரளும். கம்பியில் நின்னா பாதத்தின் அடியில் தோல் தடிச்சு, வெடிச்சு, உள்ளே சீழ் கட்டும். வாலும் கம்பிக்கண்ணில் மாட்டி ஒடியும். சேவலுக்குக் கிளறவும் புரளவும் வேலை இல்லைன்னா பெட்டையைத் துரத்துறதும் அதிகமாகும். மணல்மேட்டில் ஒரு மூலையில் விறகுச் சாம்பலும் மணலும் சரிபாதி கலந்து, மழை படாத இடத்தில் ரெண்டு அடி அகலத்துக்கு வைங்க. செள் குறையும்.

இப்ப வெயில். இது நடுச்சீன மலைக்காட்டுப் பறவை, மூங்கிலும் புதரும் அடர்ந்த நிழலில் வாழ்ந்தது. குளிரை நல்லா தாங்கும். ஓசூர், தளி மேட்டில் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், அங்கே பெரிய சிரமம் இல்லை. தருமபுரி அதில் பாதி உயரம்தான், பாலக்கோட்டில் பங்குனி, சித்திரை மதியம் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே வெளியைவிடச் சூடா இருக்கும். ஷீட் மேல சுண்ணாம்பு ரெண்டு கோட் அடிச்சு, அதன்மேல தென்னங்கீற்று வேய்ஞ்சிடுங்க. மேற்கிலும் தெற்கிலும் 75 சதவீத நிழல்வலை. மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை சாக்கை நனைச்சு காத்து வர்ற பக்கம் தொங்க விடலாம், ஆனா மணல் நனையக்கூடாது. ஈரமும் சூடும் சேர்ந்தா ரத்தக்கழிச்சல் கிருமியான காக்சிடியா பெருகத் தொடங்கும்.

இன்னொண்ணு, நேர் வெயில் இந்தப் பறவையின் நிறத்தையே தின்னும். நல்ல சேவலின் நெஞ்சு குங்குமச் சிவப்பு. தலையில் பட்டு நூல் மாதிரி மஞ்சள் கொண்டை. பிடரியில் விசிறி மாதிரி விரியும் ஆரஞ்சு இறகு, ஒவ்வொண்ணின் விளிம்பிலும் கறுப்புக் கோடு. பெட்டையைச் சுத்தி வரும்போது அந்த விசிறியை ஒரு பக்கமா கண்வரைக்கும் இழுத்து மறைக்கும். திறந்த வெயிலில் வைச்ச சேவலுக்கு அந்த ஆரஞ்சு வைக்கோல் நிறமாகும், சிவப்பு செங்கல் தூள் மாதிரி மங்கும். அடுத்த இறகு உதிர்ப்பு வரை திரும்ப வராது. வேப்பமரத்துக்குக் கிழக்கே கூண்டு போடுங்க, காலை வெயில் ஒரு மணி நேரம் பட்டா போதும்.

#6 காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

தளம் புரிஞ்சுது, நன்றி. தீவனத்துக்கு நான் பதில் சொல்றேன்.

லேயர் தீவனத்தை வருஷம் முழுக்கப் போடாதீங்க. அதில் கால்சியம் மூன்றரை முதல் நாலு சதவீதம். முட்டை போடாத பெட்டைக்கும் சேவலுக்கும் வளர்ற குஞ்சுக்கும் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அறுத்துப் பார்த்தா குடல்மேல வெள்ளையா சுண்ணாம்பு பூசின மாதிரி யூரிக் அமிலம் படிஞ்சிருக்கும்.

பெசன்டுக்குன்னு தனித் தீவனம் நம்ம கடைகளில் வாங்கக் கஷ்டம், கலந்துதான் ஆகணும். முட்டைக் காலத்துக்கு ஒரு மாசம் முன்னாடியிலிருந்து லேயர் தீவனம் பாதி, பிராய்லர் ஸ்டார்ட்டர் (கறிக்கோழிக் குஞ்சுத் தீவனம்) பாதி. புரதம் 19 பக்கம் வரும், கால்சியம் ரெண்டேகால், ரெண்டரை பக்கம் நிற்கும். கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில் வைங்க, பெட்டை தனக்கு வேணும்கிறதை எடுத்துக்கும். முட்டைக் காலம் முடிஞ்சதும் கோழி குரோயர் தீவனம் மூணு பங்கு, கம்பும் சாமையும் கலந்த தானியம் ஒரு பங்கு. கேழ்வரகு நம்ம ஊரில் மலிவுதான், ஆனா புரதம் ஏழு சதவீதம்தான், அதை மட்டும் கொட்டினா இறகு மெலியும். ஒரு பறவைக்கு நாளைக்கு 50 கிராம் தீவனம் கணக்கு. அதுபோக குதிரைமசால், முருங்கைக்கீரை, சிறுகீரை ஒரு கைப்பிடி கட்டித் தொங்கவிடுங்க. தரையில் போட்டா மிதிச்சு நாசமாக்கும்.

நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் பட்டுக்கூடு இருக்கு, அதனால நூல் எடுத்த பிறகு மிஞ்சுற புழு மலிவாக் கிடைக்கும். காய்ந்ததில் பாதிக்குப் பாதி புரதம். ஆனா எண்ணெய் நிறைய, கால்பங்கு வரை இருக்கும். ரெண்டு வாரம் மூட்டையில் கிடந்தா சிக்கு வாடை வரும், அந்தக் கெட்ட எண்ணெய் தீவனத்தில் இருக்கிற வைட்டமின் ஈ-யை அழிச்சிடும், முட்டையில் கரு நிற்காது. புதுசா வாங்கி, வெயிலில் மொறுமொறுன்னு காயவைச்சு, மொத்தத் தீவனத்தில் அஞ்சு சதவீதத்துக்கு மேல போகாம பத்து நாளில் தீர்த்துடுங்க.

#7 கால்நடை மருந்துக்கடை, கிருஷ்ணகிரி

மேலே சொன்ன கலவையில் ஒரு எச்சரிக்கை கட்டாயம் வேணும். பிராய்லர் ஸ்டார்ட்டர் பையில் பெரும்பாலும் சாலினோமைசின் அல்லது மோனென்சின் சேர்த்திருப்பாங்க, ரத்தக்கழிச்சல் தடுக்க. லேபிளைப் படிச்சு வாங்குங்க, மருந்து சேர்க்காத தீவனம் கேட்டுப் பாருங்க. சாலினோமைசின் வான்கோழிக்கே விஷம், பெசன்டில் சோதிச்சுப் பார்க்க வேண்டாம். இன்னொரு ஆபத்து: மூக்கடைச்சு கண்ணுக்குக் கீழே வீங்கினா மைக்கோபிளாஸ்மா என்கிற கிருமின்னு டியாமுலின் மருந்து எழுதுவாங்க. டியாமுலினும் இந்த ரெண்டில் ஒண்ணும் உடம்பில் சேர்ந்தா கால் இழுத்துப் பறவை செத்துடும். மருத்துவரிடம் போகும்போது தீவனப் பையின் லேபிளையும் படம் எடுத்துட்டுப் போங்க.

ரத்தக்கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம்தான் பத்திரம். 20 சதவீதப் பொடி லிட்டருக்கு 0.6 கிராம், மூணு முதல் அஞ்சு நாள். கடுமையா இருந்தா மருத்துவர் அதை 1.2 கிராமா ஏத்துவார். பிறகு 0.3 கிராமா குறைச்சு ஒரு வாரம். அந்த நாட்களில் பி-காம்ப்ளெக்ஸ் டானிக் கலக்காதீங்க. ஆம்ப்ரோலியம் வேலை செய்றதே தயமின் (வைட்டமின் பி1) கிடைக்காம ஒட்டுண்ணியைப் பட்டினி போட்டுத்தான், நீங்க தயமினை ஊத்தினா மருந்து வீண். கெடு முடிஞ்ச பிறகு மூணு நாள் டானிக் கொடுங்க.

வாயைத் திறந்து திறந்து கொட்டாவி விடுற மாதிரி செஞ்சு, தலையை உதறினா அது மூச்சுக்குழாய்ப் புழு. ஃபென்பெண்டசோல் கேட்கும், அளவு எடைக்கு ஏத்த மாதிரி மருத்துவர் சொல்லணும். இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கிற நேரத்தில் மட்டும் கொடுக்காதீங்க, முளைக்கிற இறகு கோணலா, நடுவில் வெட்டுப்பட்ட மாதிரி வரும். புழுமருந்தை மாசியில் ஒருமுறை, உதிர்ப்பெல்லாம் முடிஞ்சு கார்த்திகையில் ஒருமுறைன்னு வைச்சுக்கலாம்.

தண்ணி பத்தி யாரும் சொல்லல. நம்ம போர்வெல் தண்ணி கடினம், பல ஊரில் ஃப்ளோரைடும் இருக்கு. டாக்ஸிசைக்ளின், ஆக்ஸிடெட்ராசைக்ளின் ரெண்டும் கால்சியத்தோட ஒட்டிக்கும், உடம்பில் ஏறாது. மருந்து கலக்கிற நாளில் மட்டுமாவது கேன் தண்ணி அல்லது மழைத்தண்ணி வைங்க, கிளிஞ்சல் கிண்ணத்தையும் எடுத்துடுங்க. மருந்தை மாத்தி மாத்திப் போட்டும் கேட்கலைன்னு சொல்றவங்க தண்ணியை முதல்ல பார்க்கணும்.

வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா தடுப்புமருந்து, குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, 28ஆம் நாள் மறுபடி. ஐஸ் ஃபிளாஸ்கில் கொண்டு போய், கரைச்ச ஒரு மணி நேரத்தில் முடிச்சிடணும். அதே நோய்க்கான ஆர்2பி தடுப்பூசி வீரியமானது, மருத்துவர் பார்த்துச் சொல்லாம போடாதீங்க.

#8 பாலக்கோடு கொல்லை

எல்லாருக்கும் நன்றி. அப்போ பழைய கொட்டகை வேண்டாம், வேப்பமரத்துக்குக் கிழக்கே புதுசா போட்டுடறேன். அடுத்த கேள்வி: பத்து மாசச் சேவல் இந்த வருஷமே இனப்பெருக்கத்துக்கு ஆகுமா? விற்கிறவர் "லேடி ஆம்ஹர்ஸ்ட் பெட்டை ஒண்ணும் சேர்த்துத் தரேன், கலர் நல்லா வரும்"னு சொல்றார்.

#9 மத்திகிரிக் கூண்டு

அந்த ஆம்ஹர்ஸ்ட் பெட்டையை வாங்கவே வாங்காதீங்க. ரெண்டும் நெருங்கின இனம், கூடினா குஞ்சு பொரிக்கும், அந்தக் குஞ்சும் மறுபடி பெருகும். அதனால்தான் இன்னைக்குச் சுத்தமான ஆம்ஹர்ஸ்ட் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கு. கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலா இருந்த ஆம்ஹர்ஸ்ட் பிரபு 1828இல் லண்டனுக்கு அனுப்பின பறவை, அவர் மனைவி பேரில்தான் அழைக்கிறாங்க. நம்ம கையில் அது கலப்பாகிக் கெடக்கூடாது.

பார்த்து வாங்கணும்னா காலைப் பாருங்க. சுத்த ஆம்ஹர்ஸ்ட் பெட்டையின் கால் நீலச்சாம்பல், கோல்டன் பெட்டையின் கால் மஞ்சள். ஆம்ஹர்ஸ்ட் சேவலுக்கு உச்சந்தலை பச்சை, சிவப்புக் கொண்டை பின்பக்கம் மட்டும், வயிறு தூய வெள்ளை. சிவப்பு நெத்திவரை வந்தாலோ, வயித்தில் அழுக்கு மஞ்சளோ சிவப்போ தெரிஞ்சாலோ கலப்பு. மஞ்சள் கோல்டன்னு உடம்பெல்லாம் மஞ்சளா வர்றது வேற கதை, அது கோல்டனிலேயே வந்த நிறமாற்றம், கலப்பில்லை.

பத்து மாசச் சேவல் அரைகுறைச் சாயம் பூசின மாதிரிதான் இருக்கும். முழு நிறம் ரெண்டாம் வருஷம். பெட்டை முதல் வருஷமே முட்டை போடும், ஆனா அதில் கரு கூடும்னு கணக்கு வைக்காதீங்க. சேவல் பெட்டையைக் கண்ணை வைச்சே பிரிக்கலாம், வளர்ற சேவலின் கண் வெளிர் மஞ்சளாகும், பெட்டைக்குப் பழுப்பாவே நிற்கும்.

சட்டமும் ஒரு வார்த்தை. கோல்டன் வெளிநாட்டுப் பறவை, ரசீதை வைச்சுக்கோங்க. ஆனா சில்வர் பெசன்ட் வாங்கப் போறவங்க கவனம்: அதே குடும்பத்து கலீஜ் நம்ம இமயமலைப் பறவை, 1972 வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது. சில்வர் சேவலுக்குக் கால் நல்ல சிவப்பு, கலீஜுக்குச் சாம்பல் பழுப்பு. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரம் கிடைக்கிற காட்டுக்கோழி முட்டையை எடுத்து அடை வைக்கிறதும் அதே சட்டப்படி குற்றம்தான்.

#10 அரூர் அடைக்கோழி

முட்டை பத்தி நான். மாசி கடைசியில் தொடங்கி ஆனி வரை போடும், ஒருநாள் விட்டு ஒருநாள், பெரும்பாலும் சாயங்காலம். இருட்டுறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க. இந்தக் காலத்தில் சேவல் விடாம துரத்தும். மூங்கில் தட்டியைச் சுவரில் சாய்ச்சு ரெண்டு இடத்தில் மறைவு வைங்க, ரெண்டு பக்கமும் திறந்திருக்கணும். ஒரு பக்கம் மூடின மறைவில் மாட்டின பெட்டையைச் சேவல் மண்டையில் கொத்தியே கொன்னுடும்.

சேமிக்கிற முட்டை கூர்முனை கீழே, 15 டிகிரிக்குப் பக்கத்தில், ஏழு நாளுக்கு மேல வேண்டாம். ஃபிரிட்ஜ் ஆகாது. ஈரமணல் நிரப்பின பெரிய மண்தொட்டிக்குள்ளே சின்னப் பானையை வைச்சு, அதில் அடுக்கினா சித்திரையிலும் வெளியைவிடக் குளிர்ச்சியா நிற்கும். அந்த மாசத்தில் நாலு நாளோட நிறுத்திக்கோங்க.

இன்குபேட்டர் விசிறி வைச்சதுன்னா 37.6 டிகிரி, 22 அல்லது 23 நாள். ஈரப்பதம் 50, 55ன்னு புத்தகம் சொல்லும், மீட்டரை மட்டும் நம்பாதீங்க, எடையை நம்புங்க. முட்டை ஒண்ணு 30 கிராம் இருந்தா பத்து முட்டையை ஒண்ணா சமையல் தராசில் வைங்க, 300 கிராம். ஏழாம் நாள் 287, பதினாலாம் நாள் 275, இருபதாம் நாள் 264 பக்கம் வரணும். அதைவிட வேகமா குறைஞ்சா காத்து வறண்டிருக்கு, தண்ணித் தட்டை ரெண்டாக்குங்க. பங்குனி, சித்திரையில் தருமபுரியில் இதுதான் நடக்கும், குஞ்சு சவ்வோட ஒட்டிக்கிட்டு ஓட்டை உடைக்க முடியாம சாகும். ஓசூர்ப் பக்கம் மழை பிடிச்சிட்டா நேர் எதிர், எடை குறையாது, குஞ்சு ஊறிப்போய் மூக்குக்குக் காத்தறை இல்லாம உள்ளேயே மூழ்கும். அப்போ தண்ணித் தட்டையே எடுத்துடணும். எட்டாம் நாள் டார்ச் வைச்சுப் பார்த்து கூமுட்டையைத் தள்ளுங்க, எண்ணிக்கை குறைஞ்சா எடைக் கணக்கையும் அதுக்கேத்தபடி மாத்திக்கோங்க. இருபதாம் நாள் திருப்புறதை நிறுத்தி ஈரப்பதத்தை 65, 70க்கு ஏத்துங்க.

கரண்ட் போனா பதறவேண்டாம். நடுவில் ரெண்டு மணி நேரம் ஆறினா கரு தாங்கும், சூடு ஏறினாத்தான் தாங்காது.

அடைக்கோழி வைக்கிறதா இருந்தா சிறுவிடை நாட்டுக்கோழி நல்லா உட்காரும், எட்டு முட்டை போதும். அதுக்கு முன்னாடியே புழுநீக்கி, செள் போக்கிடுங்க. பொரிச்ச அன்னைக்கே குஞ்சை எடுத்துடணும், ரெண்டாம் பதிவில் சொன்ன பிளாக்ஹெட் கோழியிடமிருந்துதான் தொத்தும்.

#11 தளி மேடு

குஞ்சுக்கு மூணு விஷயம் மட்டும். புரூடர் முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரம் மூணு டிகிரி குறைச்சுக்கிட்டே வாங்க. பேப்பர் விரிக்காதீங்க, கால் ரெண்டும் பக்கவாட்டில் விரிஞ்சிடும், சாக்கு விரிங்க. மேலே வலை போட்டு மூடுங்க, ஒரு வாரத்திலேயே சிறகு முளைச்சு எகிறும். கோல்டன் குஞ்சு கோழிக்குஞ்சு மாதிரி தானா தின்னப் பழகாது. வேகவைச்ச முட்டை மஞ்சளைப் பொடிச்சு, நடுவில் ரெண்டு உயிருள்ள மாவுப்புழு போட்டா அசைவைப் பார்த்துக் கொத்தும், அதோட தீவனமும் உள்ளே போகும். தண்ணிக் கிண்ணத்தில் கூழாங்கல் நிரப்பி வைங்க. முதல் ஆறு வாரம் புரதம் 26க்குக் குறையக்கூடாது, வான்கோழி ஸ்டார்ட்டர் கிடைச்சா அதுதான் சரி. விரல் உள்பக்கம் சுருண்டா வைட்டமின் பி2 போதல, உடனே கொடுத்தா நிமிரும், பத்து நாள் தள்ளினா நிமிராது.

#12 பாலக்கோடு கொல்லை

கடைசியா ஒண்ணு. பெங்களூரிலிருந்து கொண்டுவரணும். பெட்டி எப்படி? வந்த அன்னைக்கு நேரா கூண்டில் விட்டுடலாமா?

#13 மத்திகிரிக் கூண்டு

ஒரு பறவைக்கு ஒரு பெட்டி. சேவலுக்கு நீளம் ரெண்டரை அடி, அகலமும் உயரமும் ஒரு அடி. உள்மேல்பக்கம் பஞ்சு வைச்சுத் துணி அடிங்க, காத்துத் துளை பக்கவாட்டில் கீழே. பிடிக்கும்போது வாலைத் தொடவே கூடாது. பயத்தில் இறகைக் கொத்தாக் கழட்டிவிடுற பறவை இது, வால் மொத்தமும் கையோட வந்துடும். இறகோட சேர்த்து உடம்பை ரெண்டு கையாலும் அணைச்சுப் பிடிங்க, கால் ரெண்டும் ஒரு கையில். ராத்திரி ஒன்பதுக்குக் கிளம்பினா வெயிலுக்கு முன்னாடி பாலக்கோடு வந்துடலாம். வழியில் தண்ணி வைக்க வேண்டாம், ஒரு துண்டு தர்பூசணி போதும்.

வேற பறவை ஏற்கெனவே இருந்தா முப்பது நாள் தனிக் கூண்டு, செருப்பும் தனி. இல்லைன்னா நேரா விடலாம். விடியும்போது பெட்டியைக் கூண்டுக்குள்ளே, மறைவுத் தட்டிக்கு எதிரா வைச்சு, மூடியைத் திறந்துட்டு வெளியே வந்துடுங்க. கையால் எடுத்து விடாதீங்க, தானா நடந்து வரட்டும், அரை மணி நேரம் ஆனாலும் சரி. தண்ணியில் எலக்ட்ரால் பொடி முதல் நாள் மட்டும். அவங்க போட்டுக்கிட்டிருந்த தீவனத்தில் ரெண்டு கிலோ கேட்டு வாங்கிக்கோங்க, உங்க கலவையை ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. முதல் பத்து நாள் ராத்திரி ஒரு சீரோ வாட் பல்ப் எரியட்டும், இருட்டில் எதையாவது கேட்டு எகிறினாலும் திரும்பக் கழியைக் கண்டுபிடிச்சு உட்காரும்.